பெண்கள் கைக்குப் பணம் போய்ச் சேர எது நல்ல வழி: வங்கிக் கணக்கா, மொபைல் வாலட்டா, குழுவா, போன் கடனா?

கையில் கொஞ்சம் நிதி, நாலைந்து களப்பணியாளர்கள், ஒரு வருட அவகாசம். வளரும் நாடு ஒன்றில் ஏழைப் பெண்களை டிஜிட்டல் நிதிச் சேவைக்குள் கொண்டுவர வேண்டும். எதில் இறங்குவது? கூட்டம் போட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். எல்லாருக்கும் வங்கிக் கணக்கு திறந்துவிடலாம் என்பார் ஒருவர். வங்கியெல்லாம் பழைய கதை, இனி போன் எண்ணிலேயே பணத்தை வைத்துக்கொள்ளவும் அனுப்பவும் முடிகிற மொபைல் வாலட்தான் என்பார் இன்னொருவர். ஏற்கெனவே இருக்கிற சேமிப்புக் குழுக்களை டிஜிட்டல் ஆக்கினால் போதும் என்பார் மூன்றாமவர். நாலாவது ஆள், பெரும்பாலும் ஏதாவது செயலி கம்பெனியிலிருந்து வந்தவராக இருப்பார், போனிலேயே உடனடிக் கடன் கொடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும் என்பார். நாலையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று ஐந்தாவதாக ஒருவர் சொன்னால், அவர் களத்தில் வேலை பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் எண்ணிக்கை மயக்கத்தை ஓரம்கட்டிவிடலாம். உலக வங்கி 2011-இலிருந்து குளோபல் ஃபிண்டெக்ஸ் என்ற பெயரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்துகிறது. வளரும் நாடுகளில் கணக்கு வைத்திருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே பல வருடங்களாக 9 சதவீதப் புள்ளிகள் இடைவெளி இருந்தது, 2021 சுற்றில் அது 6 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன் தன் திட்டம் தொடங்கி ஊர் ஊராகக் கணக்கு திறந்தார்கள். 2017 கணக்கெடுப்பில் வயதுவந்தவர்களில் 80 சதவீதம் பேரிடம் கணக்கு இருந்தது, அந்தக் கணக்குகளில் கிட்டத்தட்ட பாதியில் ஒரு வருடமாகப் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். ஆகவே எந்த வழியில் எத்தனை கணக்கு திறக்கலாம் என்பதை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கேட்பது இரண்டே கேள்வி. பணம் வந்தது முதலில் யாருக்குத் தெரிகிறது? அதை எடுக்க யாருடைய தயவு வேண்டும்?

ஏன் இந்த இரண்டு? உகாண்டாவில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தில் கடன் வாங்கும் சுமார் 3,000 பெண்களை வைத்து எமா ரைலி என்ற பொருளியலாளர் ஒரு சோதனை நடத்தினார். கடன் ஒன்றுதான், சிலருக்கு வழக்கம்போல ரொக்கமாகக் கையில் கொடுத்தார்கள், சிலருக்கு அவர்கள் பெயரில் இருந்த மொபைல் பணக் கணக்கில் போட்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், ரொக்கமாக வாங்கியவர்களைவிடக் கணக்கில் வாங்கிய பெண்களின் தொழிலில் லாபம் 15 சதவீதமும் முதலீடு 11 சதவீதமும் கூடியிருந்தது. வட்டியைக் குறைக்கவில்லை, தொழில் பயிற்சி கொடுக்கவில்லை, பணம் வந்து சேர்ந்த பாத்திரம் மட்டும்தான் மாறியது. அதிலும் முக்கியமான விஷயம், யாருக்கெல்லாம் வீட்டில் "கொஞ்சம் கொடு" என்ற நெருக்கடி முன்பே இருந்ததோ அவர்களுக்குத்தான் பலன் அதிகம். ரொக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் அது எல்லார் கண்ணிலும் படும். பட்ட பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

சரி, வங்கிக் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். இதைத் தூக்கி எறிகிறவர்களும் சரி, தலையில் வைத்து ஆடுகிறவர்களும் சரி, பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். நேபாளத்தில் பொக்காராவின் குடிசைப் பகுதிகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லாத எளிய சேமிப்புக் கணக்கு, பக்கத்திலேயே போட்டு எடுக்கும் வசதியோடு கொடுத்தார்கள். 84 சதவீதம் பேர் திறந்தார்கள், 80 சதவீதம் பேர் அடிக்கடி பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்து உற்சாகமாகிவிட வேண்டாம். உகாண்டா, மலாவி, சிலி மூன்று நாடுகளில் இதேபோல இலவசக் கணக்கு கொடுத்த இன்னொரு சோதனையில் இரண்டு வருடத்தில் ஐந்து முறையாவது பணம் போட்டவர்கள் முறையே 17, 10, 3 சதவீதம்தான். எதில் வித்தியாசம்? வங்கி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, போட்டு எடுக்க எவ்வளவு செலவாகிறது, அந்தக் கணக்குக்குள் வருவதற்குப் பணம் என்று ஏதாவது இருக்கிறதா, இதிலெல்லாம்தான்.

கடைசியாகச் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வட மத்தியப் பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அங்கே பெண்ணின் கூலியும் பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சில பெண்களுக்குக் கணக்கு மட்டும் திறந்துகொடுத்தார்கள், சிலருக்குக் கணக்கோடு கூலி நேராக அதிலேயே விழும்படி மாற்றி, எப்படிப் பயன்படுத்துவது என்ற சின்னப் பயிற்சியும் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது கூட்டம்தான் அதன் பிறகு அதிகமாக வேலைக்குப் போனது, அரசு வேலைக்கு மட்டுமில்லை, வெளி வேலைக்கும். பெண் வேலைக்குப் போகலாமா கூடாதா என்ற பேச்சில்கூட மாற்றம் தெரிந்தது. பாஸ்புக் கையில் இருந்தால் மட்டும் அந்த மாற்றம் வந்துவிடவில்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தியாவில் சுமார் 20 கோடிப் பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் போட முடிந்ததும் இதே கதைதான். குழாய் முன்பே போட்டு வைத்திருந்தார்கள், தண்ணீர் விட்டதும் ஓடியது. தண்ணீர் விடும் உத்தேசமே இல்லாமல் குழாய் மட்டும் போடுகிற திட்டங்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இன்னொன்று, நம்பிக்கை. மெக்சிகோவில் அரசு உதவித்தொகை வாங்கிய பெண்களுக்கு டெபிட் கார்டு கொடுத்தபோது அவர்கள் முதலில் செய்தது ஏடிஎம்முக்குப் போய் இருப்பைப் பார்த்தது. திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பணம் காணாமல் போகவில்லை என்று தெரியத் தெரிய, பார்ப்பது குறைந்தது, சேமிப்பு கூடியது. ஒரு வருடத் திட்டத்தில் முதல் ஆறு மாதம் யாரும் சேமிக்கவில்லை என்று பதறுகிற மேலாளர்கள் இதை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

வங்கியின் குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தூரம், ஆவணம், படிவம், முகப்பில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கிற பார்வை. சில இடங்களில் சட்டமே குறுக்கே நின்றிருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் திருமணமான பெண் கணவரின் அனுமதி இல்லாமல் கணக்கு திறக்க முடியும் என்று ஆனதே 2016-இல் குடும்பச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான்.

அடுத்து மொபைல் வாலட். கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற பொருளியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி அது 1,94,000 குடும்பங்களை வறுமையிலிருந்து வெளியே கொண்டுவந்தது, சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை மட்டும் நம்பியிருப்பதை விட்டுத் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ மாற வழி செய்தது. சாதாரண பட்டன் போன் போதும், இணையம் வேண்டாம், நட்சத்திரக் குறியில் ஆரம்பிக்கிற எண்ணை அழுத்தினால் போதும். ரொக்கத்தை வாங்கி வாலட்டில் ஏற்றவும், வாலட்டிலிருந்து ரொக்கமாகக் கொடுக்கவும் ஏஜெண்ட் பக்கத்துக் கடையிலேயே இருப்பார். வங்கி இருபது வருடத்தில் போகாத இடத்துக்கு இது இரண்டே வருடத்தில் போனது.

நைஜரில் 2009-10 வறட்சியின்போது நடந்த சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. உதவித்தொகை பெண்களுக்குத்தான். சில ஊர்களில் ரொக்கம், சில ஊர்களில் ரொக்கத்தோடு ஒரு போன், சில ஊர்களில் போன் கொடுத்துப் பணத்தை அந்தப் போனிலேயே அனுப்பினார்கள். மூன்றாவது வகைக் குடும்பங்களில் உணவின் வகை 9 முதல் 16 சதவீதம் வரை கூடியது, குழந்தைகள் நாளுக்கு ஒரு வேளை உணவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ரொக்கத்தோடு போன் கிடைத்தவர்களுக்கு இந்தப் பலன் இல்லை என்பதால், போன் வந்ததால் வந்த மாற்றம் என்று தள்ளிவிட முடியாது. ரொக்கம் வாங்க நடந்து போய் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சமானது ஒரு காரணம். பணம் வந்த சங்கதி ஊருக்கே தெரியாமல் போனதால் எதை வாங்குவது என்பதில் அந்தப் பெண்ணின் பேச்சு எடுபட்டது இன்னொரு காரணம்.

ஆனால் வாலட் பற்றிப் புகழ்ந்து பேசுகிறவர்கள் ஒன்றை எளிதாகத் தாண்டிப் போவார்கள். போன் யாருடையது? பல வீடுகளில் சிம் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். அந்த எண்ணில் திறந்த வாலட் அவளுடைய வாலட் ஆகாது. போன் அவளுடையதாகவே இருந்தாலும் பணம் வந்ததும் ஒரு குறுஞ்செய்தி வரும், அது திரையிலேயே தெரியும், படிக்கத் தெரிந்தவர் வீட்டில் வேறொருவராக இருந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான். ஏஜெண்டிடம் போனால் இன்னொரு சங்கடம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் போனை நீட்டுவார், பின் நம்பரை வாயால் சொல்லுவார், வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். அதற்குப் பிறகு அது ரகசிய எண் இல்லை, பேருந்து எண். பெண் ஏஜெண்டுகள் இருக்கிற இடத்தில் இந்தக் கூச்சமும் பயமும் குறைகிறது, ஆனால் ஏஜெண்ட் தொழிலுக்கு முதல் வேண்டும், கையில் எப்போதும் ரொக்கமும் வாலட்டில் இருப்பும் வேண்டும், அது பெண்களிடம் கம்மியாக இருப்பதால் அவர்களே அந்தத் தொழிலில் குறைவு. வாலட்டைத் தேர்ந்தெடுத்தால் நிதியில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவைக்கிறேன்.

கட்டணத்தையும் மறக்க வேண்டாம். சின்னத் தொகைக்குத்தான் கட்டணம் உறைக்கும். அரசாங்கம் வேறு இடையில் கை வைக்கும்: உகாண்டா 2018-இல் மொபைல் பணத்துக்கு 1 சதவீத வரி போட்டு, எதிர்ப்பு வந்ததும் பணம் எடுப்பதற்கு மட்டும் அரை சதவீதம் என்று இறங்கியது. கானா 2022-இல் 1.5 சதவீதத்தில் ஆரம்பித்து, பிறகு 1 சதவீதமாக்கி, 2025-இல் வரியையே எடுத்துவிட்டது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மேற்கு கென்யாவில் சந்தைப் பெண்களுக்குக் கொடுத்த ஒரு வங்கிக் கணக்கில் வட்டியும் கிடையாது, பணம் எடுக்கக் கட்டணமும் உண்டு, அப்படியும் அவர்கள் அதில் போட்டு வைத்தார்கள், தொழிலில் போட்ட முதலும் கணிசமாகக் கூடியது. பாதுகாப்பாக, கண் மறைவாக வைக்க ஓர் இடம் கிடைத்தால் அதற்குக் காசு கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அதே கணக்கைக் கொடுத்த சைக்கிள் டாக்சி ஓட்டும் ஆண்களிடம் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை.

மூன்றாவது, குழு. இது பழையது, அலுப்பூட்டுவது, மாநாடுகளில் கைதட்டு வாங்காதது. கேர் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் 1991-இல் நைஜரில் தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழுக்களும், இந்தியாவின் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-இல் 500 குழுக்களோடு சோதனையாக ஆரம்பித்த சுயஉதவிக் குழு வங்கி இணைப்பும் இன்றைக்கும் நடக்கின்றன என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. போன் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். ஆப்பிரிக்கக் குழுக்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவி மூன்று பெண்களிடம் தனித்தனியாக இருக்கும். இதை டிஜிட்டல் ஆக்கும்போது மூன்று பேர் பின் போட்டால்தான் பணம் நகரும் என்கிற குழு வாலட்டாக மாற்றினார்கள், அது உண்மையிலேயே புத்திசாலித்தனமான வேலை. பெட்டி திருடு போகும் பயமும் போய்விடுகிறது.

ஆனால் போனுக்கு மாறும்போது ஒன்று தொலைகிறது. பெட்டியைத் திறந்து எல்லார் முன்னாலும் சத்தமாக எண்ணி, இவ்வளவு இருக்கிறது என்று சொல்லி மூடுவார்கள், எழுத்து தெரியாத உறுப்பினருக்கு அதுதான் கணக்குப் புத்தகம். போனுக்குள் போன பிறகு தலைவியும், அவருடைய படித்த மகளும் சொல்வதுதான் கணக்கு. ஆகவே குழுவை டிஜிட்டல் ஆக்குவதாக இருந்தால் இருப்பை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவையுங்கள், கொஞ்சம் கேலியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. என் இரண்டு கேள்விக்குக் குழு தரும் பதில் கலவையானது: பணம் எவ்வளவு என்று பதினைந்து இருபது பெண்களுக்குத் தெரியும், ஆனால் வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. எடுக்கக் குழுவின் தயவு வேண்டும், ஆனால் "குழுவில் மாட்டியிருக்கிறது, எடுக்க முடியாது" என்று வீட்டில் சொல்ல அதுவே நல்ல சாக்கு.

போன் கடனைப் பற்றிச் சுருக்கமாக. கென்யாவில் 2012 நவம்பரில் வந்த எம்-ஷ்வாரி என்ற போன் வழிக் கடன் சேவை 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம் வாங்கியது, மாதாமாதம் புதுப்பித்தால் வருடத்துக்கு 90 சதவீதம். அதனால் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. திடீர்ச் செலவு வந்தபோது மருந்து, பள்ளிக் கட்டணம் போன்றவற்றை விட்டுவிட வேண்டிய நிலை இந்தக் கடன் கிடைத்த குடும்பங்களில் குறைந்தது என்று ஆய்வு இருக்கிறது. பின்னாலேயே வந்த செயலிகள்தான் தொல்லை. தவணை தவறினால் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி மானத்தை வாங்குவது, அற்பத் தொகைக்குக் கடன் தகவல் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது. 2020-இல் கென்யாவின் மத்திய வங்கி ஒழுங்குமுறைக்கு உட்படாத செயலிகள் அப்படிப் பெயர் சேர்ப்பதைத் தடுத்தது, 2022-இல் உரிமம் கட்டாயம் என்று விதியும் வந்தது. முதல் டிஜிட்டல் அனுபவமே கடனாகவும் அதன் முடிவு அவமானமாகவும் அமைந்த ஒரு பெண்ணை அதற்குப் பிறகு எந்தக் கணக்குக்கும் கூப்பிட முடியாது. முதல் வருடத்தில் இது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் எது? அந்தப் பெண்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். கூலியோ உதவித்தொகையோ ஒழுங்காக வருகிறதென்றால் வங்கிக் கணக்குதான், அதுவும் பணம் அவள் பெயருக்கே நேராக விழும்படி மாற்றவைப்பதில்தான் உங்கள் உழைப்பு முழுவதும் போக வேண்டும். கணக்கு திறப்பது அதில் சின்ன வேலை. வெளியூரில் இருப்பவர் அனுப்புகிற பணம், சில்லறை வியாபாரத்தில் அன்றன்றைக்கு வருகிற பணம் என்றால் வாலட். பங்களாதேஷில் வடக்கு மாவட்டக் குடும்பங்களுக்கும் டாக்காவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கும் பிகாஷ் என்ற அந்நாட்டு மொபைல் வாலட்டைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தபோது ஊருக்கு வந்த பணம் 26 சதவீதம் கூடியது. போன் இல்லை, அடையாள அட்டை இல்லை, வருமானமும் நிலையாக இல்லை என்றால் குழுவில் ஆரம்பித்து, அந்த வருடம் முழுவதையும் அட்டைக்கும் அவள் பெயரிலேயே ஒரு சிம்முக்கும் செலவழித்தாலும் நஷ்டமில்லை.

முழுக்க ஒன்றையே தேர்ந்தெடு என்று என்னை மடக்கினால், நேரடி வரவோடு கூடிய கணக்கு என்பேன், அது வங்கியா வாலட்டா என்பது பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கண் மறைவு என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னாலும், எல்லா வீட்டிலும் அது பாதுகாப்பு ஆகிவிடாது. மறைத்தது தெரிந்தால் அடி விழுகிற வீடுகள் இருக்கின்றன. அங்கே எந்த அளவுக்குச் சொல்வது, எதை மறைப்பது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும், களப்பணியாளர் ஆர்வக்கோளாறில் ரகசியக் கணக்கு திறந்துகொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடக் கூடாது. குறுஞ்செய்தி வர வேண்டுமா, எந்த எண்ணுக்கு, கார்டு யாரிடம் இருக்கும், இவற்றைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பதற்கு ஒரு ஆளுக்கு அரைமணி நேரமாவது ஆகும். திட்ட அறிக்கையில் அந்த அரைமணி நேரத்துக்கு நான் பார்த்தவரை இடமே விடுவதில்லை.

ஆறாவது மாதம் கணக்கு எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். யாரும் சொல்லாமல் இரண்டாம் முறை தானாகப் பணம் போட்டவர் எத்தனை பேர், வந்த அன்றே மொத்தத்தையும் எடுத்துவிடாமல் கொஞ்சம் விட்டுவைத்தவர் எத்தனை பேர், பின் நம்பரை ஒருமுறையாவது தானே மாற்றத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். மூன்றாவதுக்குப் பதில் பூஜ்யம் என்று வந்தால் அந்தக் கணக்குகள் இன்னும் ஏஜெண்டுடையவை.